இரண்டாம் பதிப்புக்கான திருத்தங்கள்

பிணவறை தேசப்பன் சொன்னதுதான் முதல் அபிப்பிராயம்.
"கதை ஸோக்காகீது டாக்டர்.
ஆனா நாலாவது சாப்டர்ல
பொணத்தாண்ட நின்னுக்கினே இன்ஸ்பெக்டர் பன்னு துன்றான் பாரு,
அவனுக்கு வாடையே வர்லியா?"

வாடையை எழுத மறந்திருந்தேன்.
இருபத்தாறு வருடம்
மூக்கைத் துணிக்குள் வைத்திருந்தவன் நான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஜம்புலிங்கம்
குடலிறக்கத்துக்காகப் படுத்திருந்தார், நெஞ்சின்மேல் என் புத்தகம்.
"கொன்னது சர்ஜன்தான்னு
ஏழாம் பக்கத்துலயே புடிச்சிட்டேன்" என்றார் பெருமையாக.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"நாளைக்கு எனக்குப் பண்ணப்போறது
நீங்களேவா, இல்ல வேற யாருனாவா?"

அத்தியாயங்கள் ரொம்பச் சின்னது
என்று எழுதியிருந்தார் ராயபுரத்திலிருந்து ஒரு தமிழாசிரியர்,
மேற்கத்திய பாணியின் தாக்கமாம்.
ஐயா,
நான் எழுதுவது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்,
காருக்குள், ஸ்டீயரிங்மேல் நோட்டை வைத்து.
ஒரு சரக்கு ரயில் எவ்வளவு நீளமோ
அவ்வளவுதான் என் அத்தியாயம்.
பெட்ரோல் டாங்கர்கள் வரிசையாகப் போனால்
ஒரு கொலை முடியும்.
வெறும் எஞ்சின் மட்டும் கடந்தால்
தொலைபேசி மணி அடிப்பதோடு சரி.

பெனடிக்டா சிஸ்டர் பக்கத்தை மடக்கிக்கொண்டு வந்தார்.
மயக்க மருந்தை மாற்றிப் போடுகிற இடம்.
"இந்த அளவுக்கு ஆள் சாகமாட்டான் டாக்டர்,
கொட்டாவிதான் விடுவான்."
தெரியும் சிஸ்டர், வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினேன்,
யாராவது படித்துவிட்டுச் செய்துபார்த்தால்?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்போ பஞ்சு எண்ணிக்கை ஒண்ணு குறையுதுன்னு
நர்ஸ் கத்துற இடத்தை மட்டும்
ஏன் அவ்வளவு சரியா எழுதினீங்க?"

நான் கை கழுவப் போனேன்.

நேதாஜி நகரிலிருந்து சம்பூரணம் வந்தது
மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.
டோக்கன் போட்டிருந்தார், ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை.
பாலித்தீன் பையைப் பிரித்துப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.
"நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல
டேபிள்ல செத்துப்போறாரே ஒருத்தர்,
வாட்ச் வார் அறுந்து ஊக்கு குத்தினு இருப்பாரே,
அது எங்க ஊட்டுக்காரரு தானே?"

தனகோட்டி.
பெயரை மாற்றியிருந்தேன், வயதை, தொழிலை.
ஊக்கை மாற்றத் தோன்றவில்லை.

"நீலச் சட்டைன்னு போட்டுக்கீறீங்க.
அன்னைக்குப் போட்டுனு வந்தது கட்டம் போட்டது,
பச்சை. நான்தான் தேச்சுக் குடுத்தேன்."

மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன்.
அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.
"இருங்க.
கதையில டாக்டர்தான் அவரைக் கொன்னான்னு வருது.
நீங்க கொல்லலன்னு எனக்குத் தெரியும்.
ஈரல் வெந்துபோய்ச் செத்தாரு, குடி.
ஆனா படிச்சு முடிச்ச அன்னைக்கும் மறுநாளும்
நீங்கதான்னு நெனச்சுக்கினேன்.
பதினோரு வருசத்துல
அந்த ரெண்டு ராத்திரிதான் நல்லா தூங்கினேன்."

அடுத்த டோக்கன்காரர் கதவைத் தட்டினார்.
சம்பூரணம் புத்தகத்தைத் திரும்பப் பையில் சுற்றி
முடிச்சுப் போட்டார், இறுக்கி.
"சட்டையை மட்டும் மாத்திடுங்க" என்றார்.

பதிப்பாளர் நேற்றும் கூப்பிட்டார்:
இருநூறு பிரதிதான் மிச்சம், திருத்தம் இருந்தால் அனுப்புங்கள்.
கேட் மூடியிருந்தது. நோட்டை எடுத்தேன்.

பக்கம் 41: பன்னை எடுத்துவிடவும். வாடை சேர்க்கவும்.
பக்கம் 112, ஒன்பதாம் வரி: 'நீல' என்பதைப்
'பச்சைக் கட்டம் போட்ட' என மாற்றவும்.
பக்கம் 230, கொன்றவன்

அங்கேயே பேனா நின்றது.
நிலக்கரி ஏற்றிய ரயில், எண்ணூர்ப் பக்கமிருந்து,
பெட்டிகளை எண்ணத் தொடங்கி
முப்பத்தி எட்டிலோ ஒன்பதிலோ
தவறவிட்டேன்.